‘தெரியல’ டாக்டர்

போடிநாயக்கனூரில் அவர் பெயரைச் சொல்லி விசாரித்தால் பாதிப் பேருக்கு வழி சொல்லத் தெரியாது. பஸ் ஸ்டாண்டில் இறங்கி, “தெரியல டாக்டர் எங்க இருக்காங்க?” என்று கேட்டால் ஆட்டோக்காரர் “ஏறுங்க” என்பார். போர்டில் இருந்த பெயரை நானும் இங்கே எழுதவில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்குமா, பிடிக்காதா என்று நான் கேட்டதில்லை. கேட்காத ஒன்றைக் கேட்டதுபோல் சொல்வது அவருக்கு ஆகாது. அது மட்டும் தெரியும்.

நான் அப்போது ஸ்கேன் மெஷின் விற்கும் ஒரு கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியராக இருந்தேன். வீடு மதுரையில். தேனி மாவட்டத்தில் எங்கள் மெஷின் எது மக்கர் செய்தாலும் நான்தான் போக வேண்டும். போடியில் எங்கள் மெஷின் ஒன்றுதான் இருந்தது. ஆனால் மற்ற ஊர்களில் இருந்த மெஷின்கள் எல்லாம் சேர்ந்து கூப்பிட்டதைவிட அந்த ஒன்று என்னை அதிகம் கூப்பிட்டது.

ஸ்கேன் சென்டர் ஏலக்காய் வியாபாரம் செய்யும் ஒரு பாயுடையது. தன் அம்மாவை ஒரு ஸ்கேனுக்காக மதுரை வரை அலைக்கழித்த கோபத்தில் அவர் ஆரம்பித்தது. சம்பளத்துக்கு டாக்டர் வேண்டும் என்று தேடியபோது இந்த அம்மா வந்தார். ஐம்பது வயதுக்கு மேல். ஒல்லி. காட்டன் புடவை, அதற்கு மேல் தொளதொளவென்று ஒரு வெள்ளைக் கோட்டு. முகத்தில் சிரிப்பும் கிடையாது, சிடுசிடுப்பும் கிடையாது. ரயில்வே டைம் டேபிளைப் படிப்பவர்போல எல்லாரையும் பார்ப்பார்.

முதல் முறை போனபோது புகார்த் தாளில் “கீழ்ப்பாதி மிகைப்படுத்துகிறது” என்று எழுதி வைத்திருந்தார்.

“என்ன டாக்டர் மிகைப்படுத்துது?”

“இருக்குறதவிட அதிகமாச் சொல்லுது.”

அவர் சொன்னது சரி என்று ஒத்துக்கொள்ள எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது.

ஸ்கேன் மெஷின் செய்வது எளிய காரியம்தான். காதுக்கு எட்டாத ஒலியை உடம்புக்குள் அனுப்புகிறது. உள்ளே பட்டுத் திரும்பும் எதிரொலியை வைத்துப் படம் வரைகிறது. சீக்கிரம் திரும்பினால் பக்கத்தில் இருக்கிறது, தாமதமாகத் திரும்பினால் ஆழத்தில் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், ஆழம் போகப்போக ஒலி தேய்ந்துவிடும். திரும்பி வரும் வழியில் இன்னும் தேயும். வந்ததை வந்தபடியே வரைந்தால் படத்தின் மேல்பகுதி சுண்ணாம்பு அடித்த சுவராகவும் கீழ்ப்பகுதி அமாவாசையாகவும் இருக்கும். அதனால் தாமதமாக வரும் எதிரொலியை மெஷின் கூடுதலாகப் பெருக்கிக்கொள்கிறது. எவ்வளவு தாமதமோ அவ்வளவு கூடுதல்.

எவ்வளவு பெருக்க வேண்டும் என்பதற்கு மெஷினுக்குள் ஒரு கணக்கு உண்டு. அது சராசரி உடம்புக்கான கணக்கு. சராசரி உடம்போடு யாரும் ஸ்கேனுக்கு வருவதில்லை. கொழுப்பு படிந்த ஈரல் ஒலியை நிறையத் தின்னும். நிறைந்த மூத்திரப்பை தின்னவே தின்னாது, ஒலி அதில் வழுக்கிக்கொண்டு போகும். மெஷினுக்கு அது தெரியாது. நடக்காத இழப்புக்கும் சேர்த்துப் பெருக்கிவிடும், பைக்குப் பின்னால் பளீரென்று வெள்ளை அடிக்கும். இதையெல்லாம் சரிசெய்யத்தான் பலகையின் வலப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக எட்டுச் சின்னப் பொத்தான்கள். பக்கவாட்டில் தள்ளலாம். மேலே உள்ளது தோலுக்குப் பக்கம், கீழே உள்ளது அடி ஆழம். அந்தந்த ஆழத்துக்கு வேண்டியபடி கூட்டலாம், குறைக்கலாம்.

கூட்டுவதில் ஒரு விபரீதம் இருக்கிறது. வந்தது எதிரொலியா, தன்னுடைய சொந்த இரைச்சலா என்று மெஷினுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் பெருக்கும். எதுவுமே திரும்பி வராத ஆழத்திலும் சாம்பல் நிறம் பூசி வைக்கும். பார்க்க அசல் சதை மாதிரியே இருக்கும்.

பெரும்பாலான டாக்டர்கள் அந்த எட்டுப் பொத்தான்களை ஒரு தடவை வைத்தால் வைத்ததுதான். சில ஊர்களில் அவற்றின் மேல் தூசி படிந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். இந்த அம்மா ஒவ்வொரு ஆள் படுக்கும்போதும் புறங்கையால் எட்டையும் நடுவுக்கு ஒதுக்குவார். பிறகு மேலிருந்து ஒவ்வொன்றாக நகர்த்துவார். கூட்டியும் படம் தேறவில்லை என்றால் ஆளைத் திருப்பிப் படுக்கவைப்பார், மூச்சைப் பிடிக்கச் சொல்வார், தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்வார். அப்படியும் தேறாவிட்டால் எல்லாவற்றையும் குறைத்துவிட்டு ரிப்போர்ட்டில் எழுதுவார்: ‘இந்தப் பகுதி தெரியவில்லை.’

வாயாலும் அதையே சொல்வார். “ஈரல் நல்லாருக்கு. பித்தப்பை நல்லாருக்கு. கணையத்துல வால் பகுதி தெரியல.”

ஒருமுறை நான் இருக்கும்போதே ஒரு வியாபாரி ரிப்போர்ட்டோடு திரும்பி வந்தார்.

“ஏம்மா, கணையத்துக்கு வால் இருக்குன்னே எனக்கு இன்னைக்கித்தான் தெரியும். இருக்குன்னும் சொல்லிட்டு, அதக் காணோம்னும் சொன்னா மனுசன் எப்பிடிச் சோறு திங்கிறது?”

“காணோம்னு எழுதலங்க. தெரியலன்னு எழுதிருக்கேன்.”

“ரெண்டும் ஒண்ணுதான?”

“இல்ல. காணோம்னா அது உங்க கோளாறு. தெரியலன்னா என் கோளாறு.”

அவர் ரிப்போர்ட்டை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு தன் கோளாறு இல்லை என்றவரைக்கும் திருப்தியாகிப் போய்விட்டார்.

மெஷினுக்கு வெளியிலும் அப்படித்தான். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு “எப்பிடி இருக்கு டாக்டர்?” என்றால், “இன்னும் குடிக்கல” என்பார். பாய் தன் மகனுக்குப் பெண் பார்க்கப் போனபோது இவரையும் அழைத்துப் போயிருந்தார். திரும்பும்போது, “பொண்ணு எப்பிடிம்மா?” என்று கேட்டிருக்கிறார். “ஒரு மணி நேரம் பாத்தேன் பாய். முக்கால் மணி நேரம் அது குனிஞ்சே இருந்துச்சு. உச்சி வகிடு நேரா எடுத்துருக்கு. அது வரைக்கும் சொல்லலாம்” என்றாராம். கல்யாணம் நடந்தது. வகிடு பற்றிய கருத்து இன்றுவரை சரியாக இருக்கிறது என்று பாய் என்னிடம் சொன்னார்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் ‘தெரியல’ என்று சொன்னதில்லை. வயிற்றுப் பிள்ளை ஆணா பெண்ணா என்று கேட்பது. சொன்னால் ஜெயில் என்று சுவரில் போர்டே இருக்கிறது. ஆனாலும் கேட்பார்கள். மற்ற இடங்களில் டாக்டர்கள் “தெரியலம்மா, பிள்ளை திரும்பிப் படுத்துருக்கு” என்று சொல்லிச் சமாளிப்பார்கள். இவர், “தெரியும். சொல்ல மாட்டேன்” என்பார். தேவாரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாமியார் இதைக் கேட்டுத் திகைத்து, “தெரியலன்னு ஒரு பொய்யச் சொல்லிட்டுப் போயேன் தாயி, மனசாவது ஆறும்” என்று கெஞ்சியதாகக் கேள்வி.

எனக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. பாய்க்கு வேடிக்கையாக இல்லை.

ஊரில் இன்னொரு ஸ்கேன் சென்டர் வந்திருந்தது. அங்கே படம் கல்யாண ஆல்பம்போல இருக்கும். ரிப்போர்ட்டில் ‘தெரியவில்லை’ என்ற சொல்லே இருக்காது. ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்த டாக்டர்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் திரும்பினார்கள். பாய் சென்டரின் முன்னால் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் மத்தியான வேளையில் பூனை படுத்துக்கிடந்தது.

வழக்கமான பராமரிப்புக்காக ஒரு வியாழக்கிழமை போயிருந்தேன். அந்த அம்மா ஊரில் இல்லை. கோயம்புத்தூரில் மகளுக்குப் பிரசவம், நான்கு நாள் லீவு. அவருக்குப் பதிலாகத் தேனியிலிருந்து இளம் டாக்டர் ஒருவர் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. பாய் என்னை வாசலுக்குக் கூட்டிப்போனார்.

“தம்பி, ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனைக்காதீக. அந்த மெஷின்லயே, உள்ளுக்குள்ள, கீழ்ப்பகுதி கொஞ்சம் பளிச்சுனு இருக்குற மாதிரி வச்சுர முடியுமா?”

“டாக்டர் கண்டுபிடிச்சிருவாங்க பாய்.”

“அந்தம்மா நம்புறது அந்த எட்டுப் பொத்தானத்தான. அதத் தொட வேணாம். உள்ளுக்குள்ள.”

“வேற கெடுதல் வந்துருச்சுன்னா?”

“அந்தம்மாவ மாத்தச் சொல்லி என் பங்காளிக நிக்கிறாக தம்பி. எனக்கு மனசில்ல. படம் கொஞ்சம் நல்லா விழுந்தா ‘தெரியல’ கொறையும். ‘தெரியல’ கொறைஞ்சா அந்தம்மா இங்கனயே இருக்கும். அவுகளுக்காகத்தான் கேக்குறேன்.”

அவர் பொய் சொல்லவில்லை. பச்சை குறைந்த காய்க்குச் சாயம் ஏற்றும் வியாபாரிகள் உண்டு, பாய் அந்த ரகம் இல்லை என்று ஊருக்கே தெரியும். அந்த மனிதர்தான் கேட்டார். நானும் செய்தேன். சர்வீஸ் பாஸ்வேர்டு போட்டு உள்ளே போய், ஆழத்துக்கான கணக்கை ஏற்றிவிட்டேன். இரைச்சல் புள்ளி புள்ளியாகத் தெரியாதிருக்க, மெழுகிக் காட்டும் அளவையும் கூட்டினேன். இனி எட்டுப் பொத்தானும் நடுவில் இருந்தாலும் அந்த நடு பழைய நடு இல்லை. பத்து நிமிஷ வேலை. நானே படுத்துச் சோதித்துப் பார்த்தேன். என் வயிறு இவ்வளவு அழகாக இருந்ததில்லை.

திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு டாக்டரம்மாவிடமிருந்து போன் வந்தது.

“தம்பி, மெஷின் திடீர்னு ரொம்ப நல்லாருக்கு. உடனே வாங்க.”

பதினைந்து வருட வேலையில் அப்படி ஒரு புகார் எனக்கு வந்ததில்லை. காலை ரயிலைப் பிடித்துப் போடி போய்ச் சேர்ந்தேன்.

அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்பதைப் போனதும் சொன்னார். தினமும் முதல் ஆள் வருவதற்கு முன்னால் தன் வலப்பக்க விலாவில் ஜெல்லைத் தடவித் தன் ஈரலையும் சிறுநீரகத்தையும் தானே பார்த்துக்கொள்வாராம். இது எனக்கு அதுவரை தெரியாது.

“என் கிட்னிய ஆறு வருசமா டெய்லி பாக்குறேன். அதுக்குப் பின்னாடி இம்புட்டு வெளிச்சம் கெடையாது. நாலு நாள்ல எனக்கு வெளிச்சம் வர்றதுக்கு என்ன நடந்துச்சு?”

“சாஃப்ட்வேர் அப்டேட்டா இருக்கும் டாக்டர்.”

“இருக்கும்னா?”

“ஏதாவது தானா மாறியிருக்கும்.”

“எது மாறுச்சு?”

“தெரியல டாக்டர்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. அந்தச் சொல்லை முதல் முறையாகக் கேட்பவர்போல இருந்தது முகம். மெஷின் பக்கம் திரும்பினார். நான் உள்ளே போய்ப் பழைய கணக்கைத் திரும்ப வைத்தேன். வைக்கும்போது திரையை உடம்பால் மறைத்துக்கொண்டேன்.

அதற்குள் அவர் லீவில் இருந்த நாட்களின் பதிவேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வியாழன் பிற்பகல் முதல் சனி வரை பதினாறு பேர். பதினாறு ரிப்போர்ட்டிலும் எல்லாம் நார்மல். இளம் டாக்டரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் பார்த்த படத்தில் எல்லாம் இருந்தது.

“பதினாறு பேரையும் திரும்ப வரச் சொல்லுங்க பாய்” என்றார்.

பாய் என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“எல்லாரும் நார்மல்னு சந்தோசமாப் போயிருக்காகம்மா. இப்பக் கூப்புட்டா ஊரே பேசும்.”

“நார்மலாவும் இருக்கலாம். நமக்குத் தெரியாது. தெரியலன்னு சொல்லித்தான் கூப்புடணும்.”

பதினைந்து பேருக்குப் போன் கிடைத்தது. உள்ளூரில் இருந்தவர்கள் மத்தியானத்துக்குள் வந்து திட்டிக்கொண்டே படுத்துவிட்டு எழுந்து போனார்கள். அவர்களுக்கு ஒன்றும் இல்லை. மற்றவர்கள் மறுநாள் வருவதாகச் சொன்னார்கள். பதினாறாவது ஆளுக்குத்தான் போன் போகவில்லை. பேச்சியம்மாள், நாற்பத்திரண்டு வயது, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் கூலி வேலை. வியாழக்கிழமை காய்ச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு சரிவில் இறங்கும்போது வழுக்கி, இடது விலா ஒரு மரக்கட்டையில் அடிபட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை புருஷன் கீழே கூட்டிவந்து ஸ்கேன் எடுத்திருக்கிறார். நார்மல். வலி மாத்திரையோடு மலைக்குத் திரும்பிவிட்டார்கள்.

சேமித்து வைத்திருந்த அவளுடைய படத்தை டாக்டரம்மா திறந்தார். எடுத்து முடித்த படத்தில் பொத்தானைக் கூட்டிக் குறைக்க முடியாது. மண்ணீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவில் ஒரே சாம்பலாக இருந்தது. அந்த இடத்தில் விரலை வைத்தார்.

“இங்க என்ன இருக்குன்னு தெரியல.”

“ஒண்ணும் இல்லாமயும் இருக்கலாம்ல டாக்டர்?” என்றேன்.

“இருக்கலாம். பாய், ஜீப்ப எடுக்கச் சொல்லுங்க.”

டிரைவர் சாப்பிடப் போயிருந்தார். பாயே ஓட்டினார். முன்சீட்டில் டாக்டரம்மா. பின்னால் நான். மெஷினைக் கொண்டுபோக முடியாது. ஸ்கேன் மெஷின் பதிவு செய்த கட்டடத்தை விட்டு நகரக் கூடாது என்பது சட்டம். ஆளைத்தான் கீழே கொண்டுவர வேண்டும். மலையடிவாரத்தில் முந்தலைத் தாண்டி ஏறினோம். பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். மெட்டில் செக்போஸ்ட்டுக்காரர் பாயைப் பார்த்து, “என்ன பாய், டாக்டரோட? வீட்ல சொகந்தானே?” என்றார். பாய் பதில் சொல்வதற்குள் டாக்டரம்மா, “இனிமேதான் தெரியும்” என்றார்.

தோட்டத்தில் தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளை லயம் என்பார்கள். மூன்றாவது வீட்டில் பேச்சியம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். புருஷன், நெடுநெடுவென்று உயரமான மனிதர், எங்களைப் பார்த்துப் பதறிப்போனார்.

“டாக்டரம்மாவே வந்துருக்காக… நார்மல்னுதான சொன்னாக?”

டாக்டரம்மா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கையைப் பிடித்து நாடி பார்த்தார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். வயிற்றில் கையை வைத்தார்.

“ஆத்தா, இடது தோள்பட்டை வலிக்குதா?”

“ஆமாத்தா. அங்கன அடியே படல. அது எப்பிடி ஒங்களுக்குத் தெரியும்?”

“தெரியாது. கேட்டுப் பாத்தேன்.”

எழுந்து வெளியே வந்தார். முகம் மாறவில்லை. குரலும் மாறவில்லை. ஆனால் செருப்பை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தார். அவரிடம் நான் பார்த்த பதற்றம் அது ஒன்றுதான்.

“தோள் வலிய வச்சு, உள்ள ரத்தம் கசியுதோன்னு சந்தேகம். வெரசாக் கெளம்பணும். குலுங்காம ஓட்டுங்க பாய்.”

பின்சீட்டில் பேச்சியம்மாளைச் சாய்த்து உட்காரவைத்து, ஒரு பக்கம் புருஷனும் மறுபக்கம் நானும் தாங்கிக்கொண்டோம். வளைவு ஒவ்வொன்றிலும் அவள் என் தோளில் சரிந்தாள். ஒவ்வொரு முறையும் “மன்னிச்சுக்க அப்பு” என்றாள். நான்கைந்து வளைவு வரை தாங்கினேன். அதற்கு மேல் முடியவில்லை.

“டாக்டர், நான்தான் மெஷின ஏத்தி வச்சேன்.”

பாய் ஜீப்பின் வேகத்தைக் குறைத்தார். “நான் சொல்லித்தான்மா செஞ்சாரு. தம்பி மேல தப்பில்ல. நான்தான்…”

“பாய், ரோட்டப் பாருங்க” என்றார் அவர். பிறகு திரும்பாமலே என்னைக் கேட்டார், “எவ்வளவு ஏத்துனீங்க?”

சொன்னேன்.

“மெழுகுறதையும் கூட்டுனீங்களா?”

“ஆமா டாக்டர்.”

“சரி” என்றார்.

சென்டரில் பேச்சியம்மாளைப் படுக்கவைத்ததும் புறங்கையால் எட்டுப் பொத்தானையும் நடுவுக்கு ஒதுக்கினார். இடது விலாவுக்குக் கீழே ஒலியை அனுப்பும் ப்ரோப்பை வைத்து, கீழ்ப்பொத்தான்களை மெல்ல மெல்லக் குறைத்தார். சாம்பல் வடிந்தது. மண்ணீரலைச் சுற்றிக் கறுப்பாக ஒரு பிறை தெரிந்தது, கசிந்து தேங்கிய ரத்தம். சிறுநீரகத்தின் மேலே இன்னொரு கறுப்புப் பட்டை. திரையைப் பார்த்துக்கொண்டே பெரியாஸ்பத்திரி சர்ஜனுக்குப் போன் போட்டு, எங்கே எவ்வளவு இருக்கிறது என்று அளந்து அளந்து சொன்னார். ஆம்புலன்ஸ் வந்தது. கூப்பிட்டுச் சரியாக ஐந்து நிமிஷத்தில்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கே ஆபரேஷன் நடந்தது. மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். பேச்சியம்மாள் பிழைத்தாள். மூன்று மாதம் கழித்து மறுபடி காய் எடுக்கப் போனாள். செய்ததை நான் கம்பெனிக்கு எழுத்தில் கொடுத்தேன். சர்வீஸிலிருந்து எடுத்து என்னைக் குடோனில் போட்டார்கள். ஒரு வருஷத்தில் நானே விலகினேன். பாய் சென்டரை மூடவில்லை. ‘தெரியல’ என்றால் தெரியலதான் என்று பங்காளிகளிடம் சண்டை போட்டார் என்று கேள்விப்பட்டேன். அந்த அம்மா இன்னும் மூன்று வருஷம் அங்கே இருந்துவிட்டு மகள் ஊருக்குப் போய்விட்டார். அவருக்குப் பிறந்தது பேரனா பேத்தியா என்று கேட்க எனக்கு வாய்க்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலத்தை மட்டும் சுருக்க முடியாது.

ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது. பெரியாஸ்பத்திரி வராண்டாவில் பெஞ்சில் பேச்சியம்மாளின் புருஷன், அவர் பக்கத்தில் நான். எதிர்ச் சுவரை ஒட்டி டாக்டரம்மாவும் பாயும் நின்றார்கள். டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: “அவர்கிட்டச் சொல்லணும். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?”

“நானே சொல்றேன்.”

அந்த மனிதரின் பக்கம் திரும்பி, “அண்ணே, வெள்ளிக்கெழம எடுத்த ஸ்கேன் தப்பாப் போனதுக்கு நான்தான் காரணம்” என்றேன்.

அவர் என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். “அப்பிடிச் சொல்லாதீக சார். மல ஏறி வந்து கூட்டிட்டு வந்தீக. அந்நேரம் நீங்க வரலன்னா அவ இல்ல.”

“இல்லண்ணே. மெஷின நான் மாத்தி வச்சேன்.”

“மெஷினுன்னா கோளாறு வரத்தான செய்யும் சார்.”

கையை விடவில்லை. மண் காய்ந்த, ஏலச்செடியின் தட்டை கிழித்த கோடு கோடான கை. நான் டாக்டரம்மாவை நிமிர்ந்து பார்த்தேன். இவ்வளவு போதும் என்று சொல்லிவிடுவார் என்று ஒரு நப்பாசை.

“அவருக்குப் புரியல” என்றார். “புரியிற வரைக்கும் சொல்லுங்க.”

சொன்னேன். ஒலி உள்ளே போவதைச் சொன்னேன். ஆழத்தில் தேய்வதைச் சொன்னேன். தேய்ந்ததை மெஷின் பெருக்குவதையும், அளவுக்கு மேல் பெருக்கினால் இல்லாததும் இருப்பதுபோல் தெரியும் என்பதையும் சொன்னேன். படம் அழகாக இருக்க வேண்டும் என்று நான் தெரிந்தேதான் அப்படி வைத்தேன் என்றும், கறுப்பாகத் தெரிந்திருக்க வேண்டிய இடத்தில் அதனால்தான் சாம்பல் தெரிந்தது என்றும் சொன்னேன். பாய் நடுவில், “நான் கேட்டுக்கிட்டதால” என்றார். அந்த மனிதர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். பிறகு தலையாட்டுவது நின்றது.

“அப்ப, நீங்க மாத்தாம இருந்திருந்தா வெள்ளிக்கெழமையே தெரிஞ்சிருக்குமா?”

“தெரிஞ்சிருக்கும்” என்றேன். அதையாவது முழுசாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது.

“அப்பிடிச் சொல்ல முடியாது” என்றார் டாக்டரம்மா. அவர் குரல் வழக்கம்போல்தான் இருந்தது. “வெள்ளிக்கெழம ரத்தம் கசிய ஆரம்பிச்சிருச்சா, இல்லையா, யாருக்கும் தெரியாது. ஆனா ஆரம்பிச்சிருந்தாலும் தெரிஞ்சிருக்காது. அப்பிடி வச்சிருந்தாரு.”

அந்த மனிதர் டாக்டரம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் கையை விட்டார். எடுத்து என் மடிமேலேயே திருப்பி வைத்தார், ஒரு பாத்திரத்தை வைப்பதுபோல, சத்தம் வராமல். எழுந்து போய் ஆபரேஷன் தியேட்டர் கதவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.